மார்த்தா ஏன் சம்மதிக்கணும்?



இந்த அம்மா என்ன குஸ்தியைப் பற்றி எழுத வந்துவிட்டாள் என்று சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் வீட்டுக்கு கேபிள் டிவி வந்த புதிதில் பையன்களை வளர்த்தவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்றால் என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் பை ஒரு மூலை, ஷூ ஒரு மூலை. மெத்தை மேடையாகிவிடும். டிரம்ப் கார்டு வேறு. எந்த குண்டன் என்ன உயரம், என்ன எடை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்கள். வாய்ப்பாடு மட்டும் வராது!

"ஏன்டா, இப்படி மாட்டடி அடிச்சுக்கறானுங்களே"ன்னு நான் பதறினால், "அய்ய, அதெல்லாம் நடிப்பும்மா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க" என்பான் என் பெரியவன்.

அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயசு. போன மாதம் சாப்பிட்டுக் கொண்டே, "அம்மா, ஓவென் ஹார்ட் ஞாபகம் இருக்கா? மேலேருந்து விழுந்து செத்துப் போனாரே. அவரை அந்தக் கம்பெனியோட 'ஹால் ஆஃப் ஃபேம்'ல சேர்க்க அவரோட சம்சாரம் சம்மதிக்கவே மாட்டேங்கறாங்களாம். இத்தனை வருஷமாவா பிடிவாதம் பிடிப்பாங்க? புருஷனுக்குக் கிடைக்கற மரியாதையை இவங்களே கெடுக்கறாங்களே" என்றான்.

பிடிவாதம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. முழுக்கதையையும் சொல்லுடா என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் சாயங்காலம் ஓடிவிட்டது. கேட்டு முடித்ததும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. என் கட்சியை உங்களிடம் சொல்கிறேன்.

ஓவென் ஹார்ட் 1965-ல் கனடா நாட்டின் கால்கரி நகரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஸ்டூ ஹார்ட் மல்யுத்த வாத்தியார். வீட்டின் நிலவறையில்தான் பயிற்சி. பிங்க்கும் கறுப்புமாக டிரெஸ் போட்டு வருவாரே பிரெட் ஹார்ட், அவர் இவருக்கு அண்ணன். ஓவென் ஜப்பானுக்குப் போய் 1988-ல் அங்கே ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். ஜப்பானியர் அல்லாத ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் முறை. 1989-ல் மார்த்தாவோடு கல்யாணம்.

டிவியில் இவருக்குக் கொடுத்தது, அண்ணன் மேல் பொறாமையில் வேகும் தம்பி வேஷம். 1994-ல் நியூயார்க்கில் ரெசில்மேனியா விழாவில் முதல் ஆட்டத்திலேயே அண்ணனைத் தோற்கடித்தார். அந்த வருஷமே 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டமும் கிடைத்தது. நிஜத்தில் அண்ணன் தம்பிக்குள் அவ்வளவு பாசம். அதையும் மீறி ஜனங்கள் இவரைத் திட்டினார்கள் என்றால் மனுஷன் நல்ல நடிகர்தான். கூட இருந்தவர்கள் எல்லாரும் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, ஓயாமல் குறும்பு செய்து எல்லாரையும் சிரிக்க வைப்பார். இன்னொன்று, காசை எண்ணித்தான் செலவழிப்பார். மற்றவர்கள் பெரிய ஓட்டலில் தங்கினால் இவர் மலிவான இடம் தேடுவார். சீக்கிரம் சேர்த்து வைத்துக்கொண்டு இந்தத் தொழிலை விட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

1997-ல் முதலாளியோடு பெரிய தகராறு ஆகி பிரெட் கம்பெனியை விட்டுப் போனார். ஓவெனுக்கு ஒப்பந்தம் முடியவில்லை, இருந்தே ஆக வேண்டிய நிலை. அப்புறம் கதையில் வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பதுபோல் நடிக்கச் சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் பார்ப்பார்களே என்று மாட்டேன் என்றார். (இந்த இடத்தில் நான் மகனைப் பார்த்து, "பாத்தியா?" என்றேன்.) கடைசியில் கிடைத்தது 'ப்ளூ பிளேசர்' என்கிற கோமாளி வேஷம். முகமூடி, நீலத் தோகை, பறந்து வந்து தடுக்கி விழுகிற சூப்பர்மேன்!

1999 மே 23. அமெரிக்காவில் கேன்சாஸ் சிட்டி. அரங்கத்தில் பதினாறாயிரம் பேருக்கு மேல். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வந்து, மேடைக்குக் கொஞ்சம் மேலே சிக்கிக்கொண்டதுபோல் தவித்து, பிறகு கொக்கியை விடுவித்துப் பொத்தென்று விழ வேண்டும். ஜனங்கள் சிரிக்க வேண்டும். அதுதான் திட்டம். சட்டென்று கழற்ற வேண்டும் என்பதற்காக, பாய்மரப் படகுகளில் பயன்படுத்துகிற ஒரு கொக்கியை மாட்டியிருந்தார்கள். இலேசாக இழுபட்டாலே திறந்துகொள்ளும் ரகம். மேலே இருக்கும்போதே அது திறந்துவிட்டது. சுமார் 78 அடி. முப்பத்திநாலு வயசு. வீட்டில் ஏழு வயசிலும் மூன்று வயசிலும் இரண்டு குழந்தைகள்.

விழுந்ததையும் நடிப்பு என்றுதான் அரங்கத்தில் பலர் நினைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். அவர் விழுந்த அதே மேடையில் அடுத்த ஆட்டம். இறந்துவிட்டார் என்று டிவி பார்த்தவர்களுக்குச் சொன்னார்கள், அரங்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவே இல்லை. ஒரு தெருவில் சாவு விழுந்தால் கல்யாண வீட்டு மேளத்தைக்கூட நிறுத்தி வைப்போமே நாம்!

மார்த்தா கேஸ் போட்டார். கணவர் குடும்பத்திலேயே சிலர் கம்பெனி பக்கம் சாய்ந்தார்கள். புகுந்த வீடு இரண்டுபட்டால் மருமகள் பாடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வீரர்களையெல்லாம் கம்பெனி தன் ஊழியர் என்றே கணக்கில் வைப்பதில்லை, ஒப்பந்தக்காரர் என்றுதான் எழுதி வாங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடைசியில் 2000-ல் சமரசமாகி 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை வைத்து மார்த்தா கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, ஸ்கூல் பை, வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு வாங்க உதவி என்று நடக்கிறது. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்து டாக்டர் பட்டமும் வாங்கியிருக்கிறார்.

"அதான் பணம் வாங்கிட்டாங்களே, இன்னும் என்ன?" இது என் மகன்.

பணம் வாங்கியது இழப்புக்கு. மன்னிப்பதற்கு அல்ல. அந்த 'ஹால் ஆஃப் ஃபேம்' என்பது, சகோதரிகளே, ஒரு கட்டடம்கூட இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் நடத்துகிற விழா, அதையும் டிவியில் காட்டிக் காசு பார்ப்பார்கள். தன் கணவர் எந்த முதலாளியின் காட்சிக்காக விழுந்து செத்தாரோ அதே இடத்தின் மேடையில் ஏறி, கை குலுக்கிச் சிரித்து, நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் பிரெட்டுக்கே இந்த விஷயத்தில் மார்த்தா மேல் வருத்தம் உண்டு. ரசிகர்கள் தம்பியை மறந்துவிடக் கூடாது என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கூடப் பிறந்த பாசம். ஆனால் ராத்திரி போன் அடித்தபோது குழந்தைகளோடு வீட்டில் இருந்தது மார்த்தா.

எங்கள் தெருவில் ஒரு பெண். வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரம் சரிந்து போய்விட்டார். கயிறு பழசு என்று கூட வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். பெரியவர்கள் பேசி ஏதோ ஒரு தொகை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு, வேலை கொடுத்தவர் தன் ஆபீசில் இறந்தவர் படத்தை வைத்து மாலை போட்டு இவளையும் கூப்பிட்டார். "போயிட்டு வாம்மா, பெரிய மனுஷன் மரியாதை பண்றார்" என்று அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. திரும்பி வந்து இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. "அவன் கையால மாலை போட்டான்க்கா. நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்" என்றாள். இன்றைக்கும் அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மார்த்தாவை அப்படி அனுப்பி வைக்க யாராலும் முடியவில்லை. அதைத்தான் பிடிவாதம் என்கிறார்கள்.

மல்யுத்தத்தையே வெறுக்கிறவர் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் ஆல் எலைட் ரெஸ்லிங் என்ற வேறொரு கம்பெனி ஓவென் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டி வைத்தபோது சம்மதித்தார். லாஸ் வேகாசில் மேடை ஏறி ரசிகர்களிடம் பேசி, ஜெயித்தவர்களுக்குத் தன் கையால் பரிசு கொடுத்தார். மகன் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினான். ஓவென் பெயரைச் சொல்லி ஜனங்கள் கத்துகிறார்கள். அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே!

என் மகன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்தாலும் ஒரு தரம் விட்டுக்கொடுத்திருக்கலாம்மா" என்கிறான். மருமகள் மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நான்னா கேஸையே முடிச்சிருக்க மாட்டேன் அத்தை" என்றாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான். நீங்கள் எந்தக் கட்சி, எழுதுங்கள்.

— ஒரு இல்லத்தரசி, தஞ்சாவூர்