படிக்கச் சொன்னவர்களே அஞ்சிய பெண்

பெண் படிக்க வேண்டும் என்பதில் இன்று எந்த மதத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகங்களும் மறைமாவட்டங்களும் முஸ்லிம் கல்வி அறக்கட்டளைகளும் பெண்களுக்கான கல்வி நிலையங்களை நடத்துகின்றன. பட்டம் வாங்கிய பெண்களை மேடையேற்றிப் பாராட்டுகின்றன. ஆனால், அந்தப் பெண் தான் படித்த படிப்பைக் கொண்டு தன் மதத்தின் விதிகளையே எடைபோடத் தொடங்கினால், சமூகத்தின் முடிவுகளில் தனக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்று கேட்டால், அதே மேடையில் அவளுக்கு இடம் இருக்குமா? சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் இரண்டு மதங்களிடமும் இந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கையால் கேட்டவர் பண்டித ரமாபாய். இரண்டு இடத்திலும் அவருக்கு ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைத்தது.

1858இல் பிறந்தவர் ரமாபாய். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, தன் மனைவிக்குச் சம்ஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சொந்தச் சமூகத்தாரின் கண்டனத்துக்கு ஆளானவர். அந்தத் தாய்தான் மகளுக்கு ஆசிரியை. ஊர் ஊராகச் சென்று புராணம் சொல்லிப் பிழைத்த குடும்பத்தை 1870களின் பஞ்சம் சிதைத்தது. எஞ்சியவர்கள் ரமாபாயும் அவர் அண்ணனும் மட்டுமே. 1878இல் கல்கத்தா பண்டிதர்கள் இருபது வயதுப் பெண்ணின் புலமையைச் சோதித்துப் பார்த்து வியந்து, ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை வழங்கினார்கள். சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அவர், இரண்டே ஆண்டுகளில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். புணேவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கியதும், ஹன்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்ததும் 1882இல்தான். இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று அவர் வாதாடினார். அதுவரை சீர்திருத்தவாதிகளுக்கு அவர் பெருமைக்குரிய பெண். பண்டைய பாரதத்துப் பெண்மைக்கு உயிருள்ள சான்றாக அவரைக் காட்ட முடிந்தது.

1883இல் இங்கிலாந்து சென்ற அவர் அங்கே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானதும் அந்தப் பெருமை முடிந்தது. கொண்டாடியவர்களில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். பலர் சொல்லாமல் விடும் பாதி இதற்குப் பின்தான் வருகிறது. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்த ரமாபாய், ஆண் மாணவர்களுக்கும் பாடம் நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஆங்கிலேய ஆயர்கள் எதிர்த்தார்கள். இந்தியாவில் அவருடைய செல்வாக்கு கெட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆண்கள் நிறைந்த சபைகளில் சாஸ்திரம் பேசி வளர்ந்த பெண்ணுக்கு இந்த அறிவுரை! திரித்துவம் முதலான கோட்பாடுகளை அவர் கேள்விக்கு உட்படுத்தியபோது, அவரை ஆதரித்த கன்னியாஸ்திரி சகோதரி ஜெரால்டின், செருக்கை விட்டுத் திருச்சபைக்குப் பணியுமாறு கண்டித்தார். ஒரு புரோகித வர்க்கத்தின் நுகத்தடியிலிருந்து பாடுபட்டு விடுபட்ட தான், இன்னொன்றுக்குக் கழுத்தைக் கொடுக்க முடியாது என்ற பொருளில் ரமாபாய் பதில் எழுதினார். புணேவின் கோபத்தையும் திருச்சபையின் கண்டிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவருடைய அறிவு வேண்டும், அந்த அறிவின் தீர்ப்பு வேண்டாம் என்பதே இரண்டின் சாரமும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1889இல் பம்பாயில் அவர் தொடங்கி, பிறகு புணேவுக்கு மாற்றிய சாரதா சதனம், மதச் சார்பின்றி நடக்கும் என்ற வாக்குறுதியின் பேரில்தான் விதவைப் பெண்களைச் சேர்த்தது. தன் அறையில் ஜெபிக்கும்போது அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார்; விரும்பிய மாணவிகள் வந்து அமர்ந்தார்கள். 1893இல் இது பெரும் சர்ச்சையாகி, ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் விலகினார்கள்; பல மாணவிகள் நிறுத்தப்பட்டார்கள். இந்த இடத்தில் விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். உணவும் உறைவிடமும் தருபவரின் திறந்த கதவை, போக்கிடமற்ற ஒரு சிறுமி வெறும் கதவாகப் பார்த்திருக்க முடியாது. தன் மனசாட்சிக்கு அவ்வளவு போராடியவர், தன் நிழலில் வாழ்ந்தவர்களின் மனசாட்சி விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், அதைச் சொல்லி அந்த இல்லத்தின் பலனை அழித்துவிட முடியாது. அங்கே சேர்ந்த முதல் விதவை கோதுபாய். அவர் 1893இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார், மதம் மாறவில்லை. கார்வே 1896இல் விதவைகளுக்கு ஓர் இல்லத்தையும் 1916இல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார். இந்து சமூகம் தன் விதவைகளுக்குக் கதவு திறந்ததில் ரமாபாயின் இல்லத்துக்குப் பங்கு உண்டு. அந்நியரின் கைப்பாவை என்ற பழியோ நிற்கவே நிற்காது: 1889 பம்பாய் காங்கிரஸில் பெண் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தவர், 1897இல் பிளேக் தடுப்பின் பெயரால் பெண்கள் நடத்தப்பட்ட விதத்துக்காக அரசைப் பத்திரிகையில் கண்டித்தவர் அவர்.

உள்ளேயே இருந்து பொறுமையாகச் செய்திருந்தால் இன்னும் சாதித்திருக்கலாமே என்பார்கள். அப்படிச் செய்தவர் நம் சென்னையிலேயே உண்டு. குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது கடற்கரை ஐஸ் ஹவுஸில் இயங்கியது. ஆசாரத்தோடு மோதாமல் எத்தனையோ பெண்களை ஆசிரியைகளாக்கினார். அந்தச் சாதனைக்குத் தலைவணங்குகிறேன். அதன் விலையையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம் தந்தது. உள்ளிருந்து செய்பவர் உள்ளிருப்பவர்களின் எல்லைக்குள் நிற்க வேண்டியிருக்கிறது. வெளியேறியவர் அந்த எல்லையை எல்லோரும் பார்க்கும்படி செய்கிறார். இருவரில் ஒருவரைக் காட்டி மற்றவரை வாயடைக்கச் செய்வது நேர்மையாகாது.

இன்றைய நிலை பெரிதும் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் ஆயரைக் கண்டது 2013இல். கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் இன்றும் ஆண்களுக்கே. ஜமாத்துகளில் பெண்ணுக்கு இடமில்லாததால் புதுக்கோட்டையில் முஸ்லிம் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு ஜமாத்தைத் தொடங்க நேர்ந்தது. அர்ச்சகர் பயிற்சி முடித்த பெண்கள் கருவறையில் பூசை செய்வது இன்னும் விவாதப் பொருள்தான். மத அமைப்பு தன் வழிபாட்டு முறையைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால், கல்லூரி நடத்தவும் சொத்துகளை நிர்வகிக்கவும் மணவிலக்கு வழக்குகளில் பஞ்சாயத்து பேசவும் வழிபாட்டு மரபு குறுக்கே நிற்பதில்லை. மகளிர் கல்லூரி நடத்தும் ஒவ்வொரு சமய அமைப்பும் தன் ஆட்சிக் குழுவில் பெண்களுக்கு, அதே கல்லூரியில் படித்தவர்கள் உட்பட, வாக்குரிமையுள்ள இடங்களைத் தன் சட்டதிட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். குழு எடுத்த முடிவை எதிர்த்து வாக்களித்ததற்காக எந்தப் பெண்ணையும் நீக்கக் கூடாது என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.