உடம்பு வலி என்றால் எந்த இடம்?

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வந்தவர் பெயர், நோய், கொடுத்த மருந்து என்று மூன்று பத்தி. சென்ற மாதம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வேலை நமக்கு வந்தது. பால்மரம் வெட்டி 28 வருஷமான ஓர் அம்மாள், வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் வேலையை விட்டு நிற்கிறார். அவருக்காகச் சங்கத்தின் மூலம் நஷ்டஈட்டு மனு எழுத ஆதாரம் தேடினோம்.

நான்கு வருஷத்தில் பதினொரு முறை அவர் மருந்துக்கு வந்திருக்கிறார். பதினொரு முறையும் நோய்ப் பத்தியில் ஒரே வார்த்தை: "உடம்பு வலி". அந்த நாட்களுக்குரிய செக்ரோலையும் எடுத்துப் பார்த்தோம். அதில் "வரவில்லை" என்று எழுதியிருந்தது. எழுதிய கை கிராணிகளாகிய நம்முடைய கையே.

பழியை மருந்து கொடுத்தவர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. அம்மாளும் அப்படித்தான் சொன்னார். அவரும் அப்படித்தான் எழுதினார். நாமும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு வலிக்குத் தைலம் கிடைக்கும், இரண்டு மாத்திரை கிடைக்கும். நஷ்டஈடு கிடைக்குமா? எந்த எலும்பில், எந்த மூட்டில், எந்த வேலையால் என்று சொல்லாத வலியை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்?

தோழர்களே! வெட்டும் கத்தி மழுங்கினால் அதை வெளிச்சத்தில் பிடித்து, எந்த முனையில் மழுங்கியது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். கத்தியைப் பிடிக்கும் கையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். ஒரு கையில் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்த்தால் 106. உடம்பிலுள்ள எலும்புகளில் பாதிக்கு மேல் நாம் பிழைப்பு நடத்தும் கையிலும் காலிலும்தான் இருக்கின்றன.

எலும்பு காய்ந்த கட்டை அன்று. அதற்கு ரத்த ஓட்டம் உண்டு. பழையது கரைந்து புதியது வளர்ந்து கொண்டே இருக்கும். ஆகவேதான் முறிந்த எலும்பு கூடுகிறது. ஆனால் இரண்டு எலும்புகள் சேரும் மூட்டில், அவற்றின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு வேறு வகை. அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் ஊறும் நீரே அதற்கு உணவு. ரத்தம் இல்லாததால் தேய்ந்தால் எளிதில் ஆறாது. நரம்பு இல்லாததால் தேயும்போது நோகாது. வலி எடுக்கும் முன்பே தேய்வு வெகுதூரம் போயிருக்கலாம். "நேற்று வரை நன்றாயிருந்தேனே" என்று சொல்லும் தோழர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி நம் வேலைக்கு வருவோம்.

முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று தனித்தனி எலும்புகள். அவற்றுக்குக் கீழே இடுப்புக் கூட்டோடு சேர்ந்த பகுதியும், சிறிய வால் எலும்பும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற வட்டுகள். தாழ்ந்த வெட்டில் குனியும்போதும், வாளியைத் தரையிலிருந்து தூக்கும்போதும் அதிகப் பாரம் ஏறுவது இடுப்பின் அடி வட்டுகளில். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதுகுத் தசை வட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கிறது. கையிலுள்ள வாளியோ முன்னால் 50 செண்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. தூரம் பத்து மடங்கு. ஆகவே 15 கிலோ வாளிக்குத் தசை 150 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடித்துத் தூக்கினால் அந்தத் தூரம் குறையும். முதுகின் பாரமும் குறையும்.

தோள் மூட்டு எல்லாப் பக்கமும் சுழலும். அதற்குக் காரணம் அதன் குழி ஆழமில்லாதது: சின்னத் தட்டில் வைத்த பெரிய பந்து போல. பந்து நழுவாமல் பிடித்து வைப்பவை நான்கு தசைகளின் நார்கள். தோளுக்கு மேலே கூரை போல் ஓர் எலும்பு இருக்கிறது. உயர்ந்த வெட்டுக்குக் கையைத் தூக்கும்போது, அந்தக் கூரைக்கும் கையெலும்புக்கும் இடையே நார் நசுங்கக்கூடும். ஒரு நாளைக்கு 500 மரம் என்றால் 500 முறை கை மேலே போகிறது. வருஷக் கணக்கில் நசுங்கும் நார் நைந்து போவதில் வியப்பென்ன?

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. அங்கே ஒரு குறுகலான வழியில் விரல் நார்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகின்றன. கத்தியை இறுக்கிப் பிடித்து ஓயாமல் திருப்பினால் நார்கள் வீங்கி நரம்பை நெருக்கும். இரவில் கட்டை விரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போனால், அதைக் காற்று என்றோ பனி என்றோ விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே?" என்று கேட்பவர் உண்டு. வயதுக்கும் பங்கு உண்டு, நாம் மறுக்கவில்லை. வேலை இல்லாமலும் மூட்டு நோய் வரும். எதனால் வந்தது என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். அம்மாளின் இரண்டு தோளுக்கும் வயது ஒன்றுதானே? இடது தோள் நன்றாயிருக்க, கத்தி ஓங்கிய வலது தோள் மட்டும் கெட்டதேன்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1969ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோ விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் நஷ்டஈடு தர ஏற்பட்டது. வேலையில் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். நம்மோடு வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் 2019 முதல் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது: இரண்டு வருஷத்துக்கு உட்பட்ட சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்கு உட்பட்டால் 18, அதற்கு மேல் 22. ஆனால் டாக்டரின் சான்று இல்லாவிட்டால் அந்த நாளும் செக்ரோலில் "வரவில்லை"தான்.

ஆகவே தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. மருந்துக்குப் போனால் நான்கு விஷயம் சொல்லுங்கள்: எந்த மூட்டு, எந்தப் பக்கம், எந்த வேலை செய்யும்போது நோகிறது, எப்போது தொடங்கியது. சொன்னது அப்படியே எழுதப்பட்டதா என்று பாருங்கள். படிக்க முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்துக் கொட்டகையில் தீராவிட்டால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கேளுங்கள்.

கிராணித் தோழர்களுக்கும் ஒன்று. பெரட்டில் ஆள் குறைந்தால் வீட்டுக்கு ஆள் விட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். கேட்டதைப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரி பின்னால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடலாம்.

நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். வாளியின் அளவைக் குறைப்பதும், உயர்ந்த வெட்டு ஒரே ஆளுக்கு வருஷம் முழுவதும் விழாமல் மாற்றிக் கொடுப்பதும், பால் சுமக்கும் வழியைச் செப்பனிடுவதும் பெரிய செலவல்ல. தேய்ந்த கத்திக்குப் புதுக் கத்தி ஸ்டோரில் இருக்கிறது. தேய்ந்த தோளுக்கு மாற்று அங்கே இல்லை.

அம்மாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். டாக்டரின் சான்று வந்ததும் மனுவைத் திருத்தி எழுதுவோம். அதில் உடம்பு வலி என்ற வார்த்தை இருக்காது. வலது தோள் மூட்டு, 28 வருஷம் பால்மரம் வெட்டிய கை என்று இருக்கும். தோழர்கள் அனைவரும் தங்கள் வலியை இனி இடம் சொல்லியே பதிவு செய்வார்களாக!