சனி, ஞாயிறு லீவு!

"ஏண்டா, சாதத்துல மஞ்சப்பொடி போட்டீங்களா?"

அம்மா கேட்டபோது நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன். "இல்லையேம்மா, வெள்ளைச் சாதம்தான்" என்றேன்.

"பின்னே ஏன் மஞ்சளா இருக்கு? உன் வேட்டியும்தான். துவைக்கறப்ப நல்லா நீலம் போடச் சொல்லு."

உள்ளே என் மனைவியின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. வேட்டி வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. இதை நான் சொல்லித் தப்பித்ததற்குள் காபி ஆறிப்போய்விட்டது.

அதற்கு முன்பே பத்துப் பதினைந்து நாளாக அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. குமட்டல், அசதி. வெயில் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். இப்போது மஞ்சள் என்றதும் தகவல் தஞ்சாவூர் சித்தப்பா வரை போனது. அவர் போனிலேயே வைத்தியம் பார்ப்பார். "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடு."

பழமொழியை நம்பி ஒரு நாள் வீணானது. அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் டாக்டர் அம்மாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார். காமாலை இல்லை. மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் பேசாமல் இருந்தார். "நாற்பத்திரண்டு" என்றார். வயசுக்குத்தான் சொல்கிறாரோ என்று நினைத்த அம்மா, "இல்லை டாக்டர், அறுபத்தெட்டு" என்றார்.

"நாடித் துடிப்பைச் சொன்னேன்மா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டிகாக்ஸின் எப்படிக் குடுக்கறீங்க?"

அம்மாவின் இதயம் இரண்டு வருஷமாகத் தாளம் தப்பித் துடிக்கிறது. காலில் வீக்கம் வேறு. அதற்காக அவர் எழுதித் தந்த குட்டி மாத்திரை அது. கால் மில்லிகிராம் மாத்திரையில் பாதி, திங்கள் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறு லீவு. கூடவே, நீர் பிரிய ஒரு மாத்திரை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன் மாதிரி கடகடவென்று ஒப்பித்தேன்.

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குற்றவாளிகள் மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள்.

"உடைச்சா பாதி தூளாப் போகுது... அதான் முழுசாவே போட்டுக்கிட்டேன்."

"சனி, ஞாயிறு?"

"மாத்திரைக்கு லீவு விட்டா, இதயமும் லீவு போட்டுடுச்சுன்னா?"

சிரிப்பு வரவேண்டிய இடம். டாக்டர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நான் பி.காம். சரக்கு இருப்புக் கணக்கு எனக்குக் கைவந்த பாடம். வாரத்துக்கு ஐந்து அரை, அதாவது இரண்டரை மாத்திரை. பத்து மாத்திரை உள்ள அட்டை நாலு வாரம் வரவேண்டும். அம்மா முழுங்கியது வாரம் ஏழு. அட்டை பத்து நாளில் காலி. ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போய் வாங்கி வந்தவன் நான்தான். பில்லை மடித்துப் பையில் வைத்தவனும் நான்தான். 'போன வாரம்தானே வாங்கினோம்?' என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? மருந்துப் பட்டியலில் அதுதான் விலை குறைந்த ஐட்டம். பத்து ரூபாய் அதிகமாகியிருந்தால் கேட்டிருப்பேன்!

மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கம், பொட்டாசியம் குறைவு. உள்ளே திரையில் பச்சைக் கோடு எழுந்து எழுந்து விழ, வெளியே பெஞ்சில் நான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே அவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து கற்றதைத்தான் உங்களிடம் ஒப்பிக்கிறேன்.

டிகாக்ஸின் ஒரு செடிச் சரக்கு. ஐரோப்பாவில் ஃபாக்ஸ்குளோவ் என்று ஒரு செடி. நரியின் கையுறை என்று அர்த்தம். விரலை நுழைக்கலாம்போல் நீளமான பூ. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கம் ஒரு பாட்டி, உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு இருபது பச்சிலைகள் சேர்ந்த குடும்ப ரகசிய மருந்து கொடுத்துவந்தார். 1775-ல் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் அந்தக் கலவை வந்தது. இருபதில் வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். உடனே புத்தகம் போட்டுவிடவில்லை. பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஜெயித்ததையும் தோற்றதையும் சேர்த்து எழுதி, 1785-ல்தான் வெளியிட்டார். அதிகமானால் வாந்தி வரும், நாடி தளரும், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்று அதிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டு வேட்டி விவகாரம், இருநூறு வருஷத்துக்கும் முன்னால்!

காமாலை வந்தால் கண் மஞ்சளாகும். காண்பது மஞ்சளாவது அபூர்வம். இந்த மாத்திரை மிஞ்சினால்தான் அந்தப் பழமொழி பலிக்கிறது.

அது செய்யும் வேலை எனக்குப் புரிந்தது வரவு செலவு பாஷையில்தான். நம் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்ப் உண்டு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். நண்டுக்கால் நரம்பை வைத்து 1957-ல் இதைக் கண்டறிந்து சொன்ன டென்மார்க்காரர் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிகாக்ஸின் இந்த பம்பின் கழுத்தைக் கொஞ்சம் நெரிக்கிறது. சோடியம் உள்ளே தேங்க, அதனால் கால்சியமும் வெளியேற முடியாமல் நிற்கிறது. கால்சியம் நின்றால் இதயத் தசை அழுத்திச் சுருங்கும். பலவீன இதயத்துக்கு அது வரம். கூடுதலாக நெரித்தால் தாளமே குலைந்துவிடும். நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டால் பிடி இன்னும் இறுகும். வரத்துக்கும் சாபத்துக்கும் நடுவே இடைவெளி மிகச் சின்னது.

லீவு எதற்கென்றால், இந்த மருந்து லேசில் உடம்பை விட்டுப் போகாது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கே பாதி கழிய ஒன்றரை நாள் ஆகும். வயசானவர்களுக்கு இன்னும் இழுக்கும். தினமும் போட்டால் பழைய பாக்கியோடு புதுக் கடனும் சேரும் என்றுதான் நம்மூர் டாக்டர்கள் பலர் வாரக் கடைசியில் லீவு விடுகிறார்கள். எல்லா டாக்டரும் விடுவதில்லை. உங்கள் வீட்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் சட்டம். என் அனுபவத்தைப் படித்துவிட்டு நீங்களாக லீவு விடாதீர்கள்!

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சம்பந்தமில்லாமல், "வீட்டு வாசல்ல அரளி இருக்கா?" என்றார். இருக்கிறது. அம்மா விடிகாலையில் கூடை நிறையப் பறிப்பார். "அதுவும் இதே குடும்பத்துச் சரக்குதான். இதைவிட மோசம்" என்றார்.

நாற்கரச் சாலை நடுவே வரிசையாக அரளி நிற்பது அழகுக்காக மட்டுமில்லை. ஆடு மாடு வாய் வைக்காது. செவ்வரளியோ மஞ்சள் அரளியோ, இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத்தான் தாக்கும். காய்ந்தாலும் கொதித்தாலும் வீரியம் போகாது. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ கூடாது என்று உத்தரவு போட்டது. பூஜைக்கு உண்டு, வாய்க்குப் போகிற எதிலும் கிடையாது.

டிகாக்ஸின் மிஞ்சினால் முறிக்க, செம்மறி ஆட்டு ரத்தத்திலிருந்து ஒரு மருந்து எடுக்கிறார்கள். மஞ்சள் அரளி விஷத்துக்கும் அது கேட்கிறது என்று இலங்கையில் சோதித்துக் காட்டி 2000-ல் கட்டுரை வந்தது. இரண்டு ரகமும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் பாருங்கள். ஆனால் யானை விலை. 2002-ல் இலங்கையில் இருப்புத் தீர்ந்தபோது அரளி விஷத்தால் சாவு கூடியது. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த ஒரு வரி போதும், ராத்திரித் தூக்கம் போக. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியம் ஏற்றி, காத்திருந்ததிலேயே நாடி அறுபதுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மா என் வேட்டியை உற்றுப் பார்த்தார். "வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க அத்தை" என்றாள்.

இப்போது டிகாக்ஸினுக்குப் பதில் வேறொரு மாத்திரை. நான் வாங்கிய தேதியை அட்டையின் பின்னால் எழுதி, ஏழு அறை உள்ள டப்பாவில் போட்டுவைக்கிறேன். அம்மா மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

"ஏண்டா, சனி ஞாயித்துக்கும் வெச்சிருக்கே?"

"இதுக்கு லீவு கிடையாதும்மா. தினமும் போடணும்."

"ஐயோ பாவம்" என்றார் அம்மா, மாத்திரையைப் பார்த்து.