தப்பா ஆடுறவங்களுக்கும் ஒரு கோர்ட் வேணும்

உங்கள்ல எத்தனை பேர் நம்ம காலேஜ் வாலிபால் கோர்ட்டுக்குள்ள ஒரு தடவையாவது கால் வச்சிருக்கீங்க? பக்கத்துல நின்னு டீ குடிச்சது, ரீல்ஸ் எடுத்தது எல்லாம் கணக்குல வராது. டீம்ல இருக்கறவங்களும் கையைக் கீழ போடுங்க. இப்போ மிச்சம் எத்தனை கை?

மூணு வருஷம் நானும் கை தூக்க முடியாதவதான். ஸ்கூல்ல பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் வாங்கிடுவாங்க. காலேஜ்ல கோர்ட் டீம் பசங்களுக்கு. அவ்வளவுதான் என் விளையாட்டு வரலாறு.

ஏழாவது செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்ச்ல பின்லாந்து போனேன், டாம்பரே நகரத்துக்கு. திரும்பி வந்ததுலேர்ந்து எல்லாரும் கேக்கறது மூணே கேள்வி: குளிர் எப்படி? நார்தர்ன் லைட்ஸ் பாத்தியா? அங்கேயே வேலை கிடைக்குமா? யாருமே கேக்காத ஒண்ணைப் பத்தித்தான் இப்போ எழுதறேன். வாலிபால்.

பின்னிஷ் மொழியில வாலிபாலுக்கு லெந்தோபல்லோ என்று பெயர். லெந்தோ என்றால் பறத்தல், பல்லோ என்றால் பந்து. அந்த நாட்டில் ஐஸ் ஹாக்கிதான் ராஜா. நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி பேப்பர், டிவி, பேச்சு எல்லாத்தையும் அது எடுத்துக்கும். வாலிபால் அதுக்குப் பின்னால சத்தம் போடாம இருக்கு. ஆனா லேசா எடைபோட வேண்டாம். மொத்த மக்கள் தொகையே சுமார் 56 லட்சம் இருக்கிற நாடு, 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நாலாவது இடம் பிடிச்சது. நான் அங்க இருந்தப்போ, 2025 செப்டம்பர்ல பிலிப்பைன்ஸ்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஒலிம்பிக் சாம்பியன் பிரான்ஸை 3-2 என்று தோற்கடிச்சாங்க. நான் லேப்ல போனைப் பாத்துக் குதிச்சேன். பக்கத்து சீட்டுல இருந்த பின்லாந்துக்காரர் சொன்னது ஒரே வரி: "ம், பரவால்லையே." அவங்க ஊர்ல அதுதான் கொண்டாட்டம் போல!

இதைவிட ஆச்சரியம் அவங்க லீக். மெஸ்தாருஸ்லீகா என்பது அவங்க டாப் லீக். பல முறை ஆண்கள் சாம்பியனான வலேபா டீமோட ஊர் சஸ்தமலா, சின்ன டவுன். பெண்கள்ல சாம்பியனான பொல்க்கு டீம், ரொம்ப வடக்கே இருக்கிற குசமோ ஊரைச் சேர்ந்தது. பொல்க்கு அந்த ஊர் மரக் கம்பெனியோட பேர். ஒருநாள் டாம்பரேயிலிருந்து ரயில் ஏறி சஸ்தமலா மேட்ச் பாக்கப் போனேன். காபியும் இனிப்பு பன்னும் விக்கிறது அந்த ஊர் ஆட்கள், சம்பளம் இல்லாம. இப்படி ஊர் கூடிச் செய்ற வேலைக்கு அவங்க வைச்சிருக்கிற பேர் தல்கோத். நம்ம ஊர்ல கோவில் திருவிழாவுக்கு ஆளாளுக்கு ஒரு வேலையை எடுத்துப் போட்டுச் செய்வாங்களே, அதே மாதிரி.

ஆனா நான் சொல்ல வந்த விஷயம் டாப் லீக் இல்ல. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணி.

அங்க ஸ்கூல் முடிஞ்சதும் ஜிம் ஹாலைப் பூட்டி வைக்கறதில்ல. சாயங்காலம் மணிக்கணக்குல பிரிச்சு ஊர்க்காரங்களுக்கு விடறாங்க. இதுக்கு சலிவூரோ என்று ஒரு வார்த்தையே இருக்கு. ஹால் முறை என்று சொல்லலாம். ஒரு குரூப் சேர்ந்து ஒரு முறையை எடுத்து, வாடகையைப் பங்கு போட்டுக்கறாங்க. பின்லாந்தோட 2015 விளையாட்டுச் சட்டமே, மக்கள் உடற்பயிற்சி செய்ய இடமும் வசதியும் ஏற்படுத்தித் தர்றது உள்ளாட்சியோட வேலைன்னு சொல்லுது. மக்கள்னா எல்லாரும். ஜெயிக்கறவங்க மட்டும் இல்ல.

என் லேப்ல பி.எச்டி. பண்ற ஒரு அக்கா அப்படி ஒரு குரூப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பதினாலு பேர். ஆணும் பெண்ணும் கலந்து. பஸ் டிரைவர், நர்ஸ், ரிட்டயர் ஆன டீச்சர் அம்மா. எனக்கு ஆடத் தெரியாதுன்னு சொன்னேன். "உள்ள போடுற ஷூ இருக்கா?" அவ்வளவுதான் இன்டர்வியூ.

என் முதல் சர்வீஸ் நெட் வரைக்கும் போகல. ரெண்டாவது, முன்னாடி நின்ன டீச்சர் அம்மா முதுகுல. யாரும் சிரிக்கல. "பரவாயில்ல"ன்னுகூட சொல்லல. பந்தை எடுத்து உருட்டி விட்டாங்க, ஆட்டம் தொடர்ந்துச்சு. வாலிபால்ல ரொட்டேஷன் இருக்கே, சுத்திச் சுத்தி என் சர்வீஸ் திரும்ப வந்துகிட்டே இருந்தது. ஒளிய இடமே இல்ல. ஆறாவது வாரம் பத்துக்கு ஏழு உள்ள விழுந்தது.

இன்னொரு காமெடி. பந்து வரும்போது "எனக்கு"ன்னு கத்தணும்ல, அதுக்கு அவங்க "முன்!"ன்னு கத்துவாங்க. பின்னிஷ் பேச்சு வழக்குல "என்னோடது"ன்னு அர்த்தம். நான் தமிழச்சி, முன்னு கேட்டதும் முன்னாடி ஓடுவேன். ரெண்டு பேர் மேல மோதினப்புறம்தான் விளக்கினாங்க.

எல்லாம் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. மாசக்கணக்குல யாரும் என்னைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. ஆட்டம் முடிஞ்சா ஜாக்கெட் மாட்டிக்கிட்டு காணாமப் போயிடுவாங்க. எந்த ஹால், எந்த குரூப் என்ற தகவல் பாதி பின்னிஷ்லதான் இருக்கும். அந்த அக்கா இல்லேன்னா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வெளிநாட்டுக்காரங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கு, ஆனா கதவு எங்கன்னு யாரும் காட்ட மாட்டாங்க.

ஆனாலும் நவம்பர் கடைசியில, மூணரை மணிக்கே இருட்டி, ரூம்ல தனியா உக்காந்து அழுத வாரங்கள்ல என்னை வெளிய இழுத்தது அந்த செவ்வாய்க்கிழமைதான். நான் வரலேன்னா அன்னிக்கு ஒரு பக்கம் ஒரு ஆள் குறையும். பந்தைச் சரியா அடிக்கத் தெரியாத என்னை ஒரு இடத்துல எதிர்பாக்கறாங்க என்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அது பணக்கார நாடும்மா"ன்னு சொல்லுவீங்க. யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு மாசக்கணக்கா பனி. வாலிபால் ஆட கட்டடம் வேணும், ஹீட்டர் வேணும். நமக்கு ரெண்டு போஸ்ட், ஒரு நெட், ஒரு லைட் போதும். என் அப்பா ஊர்ல களத்து மேட்டுல நெட் கட்டி ஆடினவங்க. நம்ம காலேஜ்ல மூணும் ஏற்கெனவே இருக்கு. இல்லாதது நேரமும் அனுமதியும்தான். டீம் பிராக்டிஸ் முடியறது ஆறரை மணி. கேர்ள்ஸ் ஹாஸ்டல் இன்-டைமும் ஆறரை மணி. இந்தக் கணக்கு யாருக்குச் சாதகம்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க. டாம்பரேயில ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டம் முடிஞ்சு நான் தனியா பஸ் ஏறி ரூமுக்குப் போனேன். இங்க கோர்ட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல இருநூறு அடி.

டீமைக் குறை சொல்லல. அவங்க உழைச்சுத்தான் ஆடறாங்க, கோப்பையும் கொண்டு வர்றாங்க. நான் கேக்கறது வாரத்துல ஒரே ஒரு சாயங்காலம், ரெண்டு மணி நேரம். செலக்‌ஷன் கிடையாது, மார்க் கிடையாது, பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து. அன்னிக்கு மட்டும் ஹாஸ்டல் நேரம் எட்டரை.

பி.டி. சாருக்கும் வார்டன் மேடத்துக்கும் லெட்டர் எழுதியாச்சு. இப்போ பதினோரு கையெழுத்து இருக்கு. நான் மே மாசம் கிளம்பிடுவேன், அதனால இது எனக்காக இல்ல. கையெழுத்துப் போடணும்னா ஈ.சி.ஈ. பிளாக் நோட்டீஸ் போர்டு பக்கத்துல மத்தியானம் இருப்பேன். ஆடத் தெரியணும்னு அவசியமில்ல. ஷூ இருந்தா போதும்.