வாட்டர் பிளாக் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்கள் தாண்டிச் செல்லலாம். ஆனால் வீட்டில் வீடியோ எடிட்டிங் செய்யும் பிள்ளை இருந்தால் அவசியம் காட்டுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவதுதான் என் பொழுதுபோக்கு என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதனால், "சார், கார்டு ரொம்ப சூடாகுது, வாட்டர் கூலிங் போட்டுடலாமா?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். என் கருத்தை நேராகவே சொல்கிறேன். கார்டின் பெயரைப் பார்த்து வாட்டர் பிளாக் வாங்காதீர்கள். போர்டைப் பார்த்து வாங்குங்கள். போர்டு எது என்று தெரியவில்லையா? அந்தப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

நம் மாணவர் ஒருவர் கல்யாண வீடியோ தொழில் செய்கிறார். தவணையில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுக்கு, "3090-க்கு உரியது" என்று எழுதியிருந்த பிளாக்கை வரவழைத்தார். சிப்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ துளைகள் சரியாகப் பொருந்தின. ஆனால் ஓரத்தில் இருந்த உயரமான பாகங்கள் பிளாக்கில் முட்டின. இறுக்கியிருந்தால் கார்டே போயிருக்கும். முகூர்த்த மாதத்தில் பிழைப்பும் போயிருக்கும். நல்லவேளை, நிறுத்திவிட்டுப் போன் செய்தார்.

ஏன் இப்படி? சிப்பைச் செய்வது என்விடியா. கார்டு விற்கும் கம்பெனிகளில் பல, போர்டைத் தாங்களே வரைகின்றன. 3090-இல் என்விடியாவே விற்ற ஃபவுண்டர்ஸ் எடிஷனின் போர்டு ஒரு வடிவம், மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்த ரெஃபரன்ஸ் போர்டு வேறு வடிவம். ஒன்றின் பிளாக் மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே கார்டின் முழு மாடல் எண்ணைப் பார்த்து, பிளாக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள். பைக்ஸ்கி, ஆல்ஃபாகூல் போன்றவர்கள் ரெஃபரன்ஸ் அல்லாத பல கார்டுகளுக்கும் தனித்தனியாகப் பிளாக் செய்கிறார்கள்.

பட்டியலில் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. சிப்பின் மேல் மட்டும் உட்காரும் சிறிய பிளாக், அல்லது பிராசசருக்கான வாட்டர் கூலரைக் கார்டில் மாட்டும் பிராக்கெட். கிராக்கன் ஜி12 என்ற பிராக்கெட்டைப் பலர் சொல்வார்கள். அது 2017-இல் வந்தது. 3090 வந்ததோ 2020-இல். துளை இடைவெளியை அளக்காமல் பழையதை நம்பக் கூடாது.

இந்த வழியில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீர் சிப்பை மட்டும் குளிர்விக்கும். மெமரியும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதியும் அப்படியே கொதிக்கும். 3090-இல் 24 மெமரி சிப்களில் 12 போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. திரையில் சிப் 55 டிகிரி என்று காட்டும்; நாம் மகிழ்ந்துபோவோம். மெமரி 100-ஐத் தாண்டியிருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மெமரி வெப்பத்தையும் பாருங்கள். அந்தப் பாகங்களுக்குத் தனி ஹீட் சிங்க்கும் காற்றும் கொடுக்க முடியாதென்றால் இந்த வழி வேண்டாம்.

இப்போது பழைய அறிவியல் வகுப்பு. 350 வாட் கார்டின் வழியாக நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், அது ஒரு சுற்றில் ஏறத்தாழ 5 டிகிரிதான் சூடாகும். தண்ணீரின் தன்வெப்பம் அவ்வளவு அதிகம். ஆனால் வெப்பம் மறைந்துவிடாது. ரேடியேட்டர் வழியாக உங்கள் அறைக்குத்தான் வரும். மே மாதத்தில் 38 டிகிரி அறையில் எந்தத் தண்ணீரும் 38-க்குக் கீழே போகாது. செம்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், மின்கலப் பாடத்தில் படித்த அதே அரிப்புதான் நடக்கும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

அதனால் முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். தூசியைத் துடையுங்கள். பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குங்கள். 350 வாட் 280 ஆகும், வேகத்தில் இழப்பு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். அதற்குப் பிறகும் சூடு என்றால் தெர்மல் பேஸ்டையும் பேடையும் மாற்றுங்கள். பேடின் தடிமன் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கூடினால் கூலர் சிப்பைத் தொடாது. வாரண்டி இருக்கும் கார்டைப் பிரிக்கும் முன் அதன் விதிகளைப் படியுங்கள்.

இவ்வளவும் செய்து தீராமல், உங்கள் மாடலுக்கென்றே பிளாக்கும் கிடைத்தால், தாராளமாகத் தண்ணீர் போடுங்கள். நான் எதிரி அல்ல. ஆசைக்காகப் போடுபவர் போடட்டும். கார்டை வைத்துச் சோறு சாப்பிடுபவர் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணையும் போர்டின் படத்தையும் கீழே போடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சார்