நாடக மேடையை நம்ம ஊர் மறக்கலாமா?



பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று வந்துவிட்டால், எங்கள் வட்டாரத்தில் இப்போதெல்லாம் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கிறது. "நாடகமா? யாரு ராத்திரி பூரா முழிச்சு உக்காந்து பார்க்கிறது? அந்தக் காசுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைங்கப்பா, வாலிபப் பிள்ளைகளாவது வரும்" என்பது ஒரு கட்சி. "எல்லாம்தான் டி.வி.யிலயும் செல்போன்லயும் வருதே, மேடை எதுக்கு?" என்பது இன்னொரு கட்சி. கூட்டத்தில் பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். ஆனால் தலைக்கட்டு வரி என்று கொடுக்கிற பணத்தில், நாம் சிறுவாடு சேர்த்ததும் இருக்கிறது. அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்ல நமக்கும் உரிமை உண்டு. என் வார்த்தை இதுதான்: நாடகம் வேண்டும்.

டி.வி. சீரியலில் வரும் மாமியாரை நாம் எவ்வளவு திட்டினாலும் அவள் காதில் விழாது. மேடையில் அப்படி இல்லை. நல்லதங்காள் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பசியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவளை, அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி விரட்டும்போது, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் சும்மா இருப்பார்களா? "நீ விளங்குவியாடி!" என்று மேடையைப் பார்த்தே சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நடிக்கிறவர் இன்னும் ஒரு படி ஏற்றிப் பேசுவார். பார்க்கிறவரும் நடிக்கிறவரும் சேர்ந்துதான் அன்றைய நாடகத்தை நடத்துகிறார்கள். நேற்று ஒரு ஊரில் நடந்த மாதிரி இன்று இன்னொரு ஊரில் நடக்காது.

அந்த நல்லதங்காள் எங்கோ இருந்து வந்தவள் இல்லை. வத்திராயிருப்பு பக்கம் இருக்கிற அர்ச்சுனாபுரம்தான் அவள் பிறந்த ஊர் என்பது கதை. இன்றும் அங்கே அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த ஒருத்தியின் கதையை இத்தனை காலமாக மறக்கவிடாமல் வைத்திருப்பதில் நாடக மேடைக்கும் பெரிய பங்கு உண்டு.

சகோதரிகளே, இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் நாம் வாய்விட்டு அழ முடிகிறதா? "என்னத்துக்கு அழறே?" என்று கேள்வி வரும். நாடகத்தில் நல்லதங்காளுக்காக அழுதால் யாரும் கேட்பதில்லை. எங்கள் அத்தை (மாமியார்) சொல்வார்கள், "அவளுக்காக அழுத மாதிரி நம்ம பாரத்தையும் இறக்கி வச்சுட்டு வந்துரலாம்" என்று. பக்கத்தில் இருப்பவளும் முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போது, நமக்கு மட்டும்தான் கஷ்டம் என்ற நினைப்பு போய்விடும். தனியாக அறையில் செல்போனைப் பார்த்து அழுவதில் அந்த ஆறுதல் கிடைக்காது.

நடிக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் நடப்பதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியம், மிருதங்கம் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. பல சமயம் அன்று இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இருந்தும் வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் பேசினால், எதிராளி என்ன கேட்டாலும் பாட்டாலும் வசனத்தாலும் பதில் வரும். எல்லோருக்கும் பாடம் ஒன்று என்பதால்தான் இது முடிகிறது.

அந்தப் பாடத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுதியவை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பெயரில் சிறுவர்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அங்கே சிறு பிள்ளைகளாகப் பாடம் படித்தவர்கள்தான். நூறு வருஷம் தாண்டியும் ஒருவர் எழுதிய பாடம் கிராமத்துப் பொட்டலில் உயிரோடு இருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

எங்கள் மாவட்டத்துச் சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாத தாஸை எத்தனை பேருக்குத் தெரியும்? முருகன் வேஷத்தில் வந்து சுதந்திரப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் ஒதுக்கப்பட்ட வேதனையும் அவருக்கு உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் போய்விட்டது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வறுமையில் வளர்ந்த பெண் பிள்ளை. மேடைதான் அவருக்குச் சோறும் பேரும் கொடுத்தது. கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு 25 வயதுதான். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தவர், 1935-ல் வந்த நந்தனார் படத்தில் ஆண் வேஷம் போட்டு, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். ஒரு பெண்ணுக்கு யார் தயவும் இல்லாமல் அந்த நிலைமையைக் கொடுத்தது நாடகத்தில் கற்ற வித்தைதானே!

ஆனால் இன்றைக்கு நடிக்கிற பெண்களை நாம் எப்படி நடத்துகிறோம்? விடிய விடிய வள்ளியாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, விடிந்ததும் "கூத்தாடி" என்கிறோம். வீடு வாடகைக்குக் கேட்டால் யோசிக்கிறோம், பெண் எடுக்கக் கூசுகிறோம். பல ஊரில் அவர்களுக்கு உடை மாற்ற ஒழுங்கான மறைவு கிடையாது, கழிப்பிடம் கிடையாது. அவர்களும் நம்மைப்போல் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனி, சித்திரை சீசனில். 2021-லும் சித்திரையில் திருவிழாக்கள் நின்றுபோயின. வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்குச் சம்பாதிக்கிற மாதங்கள் அவை. இரண்டு வருஷம் அது போனால் குடும்பம் என்ன ஆகும்? அதோடு நாமும் "ஆர்க்கெஸ்ட்ரா போதும்" என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

நாடகத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பபூன், டான்ஸ் வருகிற பகுதியில் சில சமயம் இரட்டை அர்த்தப் பேச்சு எல்லை மீறுகிறது. வயசுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க முடிவதில்லை. குடித்துவிட்டு முன்னால் வந்து ஆடுகிறவர்கள் தொல்லை வேறு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு விடிய விடிய ஒலிபெருக்கி இடைஞ்சல் என்பதும் உண்மைதான். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு 2000-ம் ஆண்டு விதிகளே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? நாடகத்தைப் பேசும்போதே "ஆபாசம் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். சாயங்காலமே ஆரம்பித்து, கதையைச் சுருக்கி நேரத்தோடு முடிக்கச் சொல்லலாம். அப்படிச் செய்தால் பிள்ளைகளும் முழுசாகப் பார்ப்பார்கள்.

அதனால் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னாலேயே வீட்டு ஆண்களிடம் "இந்த வருஷம் ஒரு நாளாவது நாடகம் வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் சேர்ந்து போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள். நடிக்க வரும் பெண்களுக்கு உடை மாற்ற ஒரு வீட்டு அறையைத் திறந்துவிடுங்கள், சூடாக நாலு இட்லி கொடுங்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதோடு நிற்காமல், ஒரு சின்ன நாடகமும் போட வேண்டும் என்று ஆசிரியைகளிடம் கேளுங்கள். நாலு பேர் முன்னால் நின்று தைரியமாகப் பேசுகிற பெண் பிள்ளை, நாளைக்குத் தன் நியாயத்தையும் பேசுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. கோயிலுக்குள் இருக்கிற கலையைப் போற்றுகிற நாம், கோயிலுக்கு வெளியே பொட்டலில் நடக்கிற கலையையும் மதிக்க வேண்டாமா?

உங்கள் ஊரில் கடைசியாக நாடகம் எப்போது நடந்தது? மற்ற சகோதரிகளும் எழுதுங்களேன்.

— ஓர் இல்லத்தரசி, சுந்தரபாண்டியம்.