துணி தீர்ந்த பிறகு மிஞ்சும் குழல்



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்கப் பினாங்கின் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். பினாங்கு தெருக் கடையில் எங்களுக்கு இரண்டு மீட்டர் வெட்டியதோடு அந்த ரோல் தீர்ந்துவிட்டது. உள்ளே இருந்த அட்டைக் குழலை உருவிச் சுவரோரம் சாத்தி வைத்தார் கடைத் தம்பி. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் குழல்கள் நின்றன.

"இதெல்லாம் எங்க போகும் தம்பி?"

"பழைய பேப்பர் எடுக்கிறவரு வந்து அள்ளிட்டுப் போவாரு ஆன்ட்டி."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறு வயதுப் பேத்தி ஒரு குழலைச் சாய்த்து, அதன் வாயில் கண்ணை வைத்து, தெருவில் போகிறவர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தம்பி சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவளைவிட உயரமான அந்தக் குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு சூலியா தெருவுக்குள் அவள் முன்னால் நடக்க, துணிப்பையோடு நான் பின்னால் போனேன்.

இந்தத் தெருவின் பெயரிலேயே நம் கதை இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த முக்கியமான சரக்கு துணி. 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், கிங் தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்காவும் அந்தத் தலைமுறைகள் விட்டுச்சென்றவை. தர்காவை ஒட்டிய பக்கம்தான் சொங்கோக் தொப்பி தைப்பவரை நான் முதன்முதலில் பார்த்தேன். கறுப்பு வெல்வெட் தொப்பி எப்படி இவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று சின்ன வயதில் எனக்குப் பெரிய வியப்பு. உள்ளே வைத்துத் தைப்பது பழைய செய்தித்தாள் என்று தெரிந்தபோது வியப்பு இன்னும் கூடியது. நேற்றைய செய்தி இன்று ஒருவர் தலையில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது! பழைய தாளுக்கு வேலை கொடுப்பது இந்தத் தெருவுக்குப் பழகிய விஷயம்.

அன்றிரவு வீட்டில் குழலை என் மகன் ரம்பத்தால் ஐந்து துண்டாக அறுத்துக் கொடுத்தான். துணிக்கடைக் குழல் நல்ல தடிமன், கத்தரிக்கோலுக்கு மசியாது. பெரியவர்கள்தான் அறுக்க வேண்டும். சமையலறைத் துடைப்புத்தாள், அலுமினியத் தாள் இவற்றின் குழல்களைப் பிள்ளைகளே வெட்டிக்கொள்வார்கள்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். துடைப்புத்தாள் குழல் ஒன்றை எடுத்தால், அதன் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு தையல்கோடு தெரியும். அந்தக் கோட்டின் வழியே கத்தரித்து விரியுங்கள். கையில் செவ்வகம் வராது, சாய்ந்த இணைகரம் வரும். நீண்ட தாள் பட்டைகளுக்குப் பசை தடவி, ஓர் இரும்புத் தண்டின் மேல் சாய்வாகச் சுற்றித்தான் ஆலையில் குழல் செய்கிறார்கள். இதைப் பார்த்ததும் பேத்தி கேட்ட முதல் கேள்வி: "திரும்பச் சுத்தினா திரும்பக் குழலா வருமா பாட்டி?" வந்தது. கொஞ்சம் கோணலாக.

அடுத்து, என் அண்ணன் எனக்குச் செய்துகொடுத்த 'போனால் திரும்பி வரும் டப்பா'வைச் செய்தோம். அகலமான குழல் துண்டு ஒன்றின் இரு பக்கமும் வட்ட அட்டை ஒட்ட வேண்டும். இரு அட்டைகளின் நடுவிலும் துளையிட்டு, ஒரு ரப்பர் பேண்டைக் குழலுக்குள் நீளவாக்கில் செலுத்தி, வெளியே பல்குச்சியால் மாட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே, ரப்பரின் நடுவில் ஒரு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். அது சுவரில் படக்கூடாது. தரையில் உருட்டிவிட்டால் குழல் சுற்றும், நட்டு மட்டும் கனத்தால் சுற்றாமல் தொங்கும், அதனால் ரப்பர் முறுக்கேறும். முறுக்கு நிறைந்ததும் குழல் நிற்கும், ஒரு கணம் யோசிப்பது போல இருந்துவிட்டு, உருட்டியவரிடமே திரும்பி வரும். எங்கள் வீட்டில் நான்காவது முயற்சியில்தான் வந்தது. முதல் மூன்று முறையும் நட்டு இலேசாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பேத்திதான்.

கையில் கிடைத்ததில் பொம்மை செய்யும் இந்த வழியை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவர் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பக்கம் நிறையாது. கான்பூர் ஐஐடியில் 1975இல் பொறியியல் முடித்த அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகள். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் இணைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று பிள்ளைகளைக் கட்ட வைத்தார். பிறகு பல ஆண்டுகள் புனேயில் சிறுவர் அறிவியல் மையத்தில் இருந்துகொண்டு, காகிதம், பாட்டில், குழல், பழைய செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பொம்மையாக்கி, செய்முறைகளை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வைத்தார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பொம்மைகளில் எனக்கு மிகவும் பிடித்த குணம், உடைத்துப் பார்க்கலாம் என்பது. கடையில் நாற்பது வெள்ளிக்கு வாங்கிய பொம்மையைப் பிள்ளை பிரித்தால் நமக்கு மனம் பதறுகிறது. அட்டைக் குழலைப் பிரித்தால் யாருக்கு என்ன?

குழல்தானே என்று நினைக்க வேண்டாம். 1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 1995 கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு அட்டைக் குழல்களைச் சுவராக நிறுத்தி வீடு கட்டினார். 2001இல் குஜராத்தின் பூஜ் குலுங்கியபோது அங்கேயும் அதே குழல் வீடுகள் எழுந்தன. இடிந்த கட்டடங்களின் கற்குவியலே அவற்றுக்கு அடித்தளம். குழலை நிறுத்தி வைத்து மேலே புத்தகங்களை அடுக்கிப் பாருங்கள், அது எவ்வளவு தாங்குகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.

கழிவைக் குறைப்பதில் நம் பினாங்கு முன்னால் நடந்த மாநிலம். இலவச பிளாஸ்டிக் பைகளை 2009இல் திங்கட்கிழமைகளில் நிறுத்தி, 2011இலிருந்து எல்லா நாளும் நிறுத்தினோம். 2016இல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை வந்தது. குழலை நீலத் தொட்டியில் போட்டால் அது திரும்பத் தாளாகும், அது நல்லதுதான். தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு வாரம் பிள்ளையின் கையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் ஆசை.

மனதில் கிடக்கும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் 'கழிவிலிருந்து கலை' போட்டிக்கு நடுவராகப் போனேன். மேசை நிறைய அட்டைக் குழலில் செய்த இரட்டைக் கோபுரம், மயில், தேர். ஒரு தங்கப் பொட்டுகூடப் பிசகவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். மூலையில் ஒருவன் இரண்டு குழல்களை ரப்பர் பேண்டால் கட்டி, பைனாகுலர் என்று கொண்டுவந்திருந்தான். வண்ணம்கூட இல்லை. ஆனால் அதில் என்னென்ன பார்த்தான் என்று பத்து நிமிடம் சொன்னான். மற்ற இரு நடுவர்களும் மயிலுக்குப் பரிசு கொடுத்தார்கள். நான் உரக்கப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் அது.

ஆகவே, அம்மாக்களே, அப்பாக்களே, தாத்தா பாட்டிகளே, பள்ளி விடுமுறை வருகிறது. தீர்ந்த குழல்களை ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். ரம்பமும் கூர்மையான கத்தியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் நட்டு போன்ற சிறு பொருட்களை எட்டாமல் வையுங்கள். அதற்குமேல் கை வைக்காதீர்கள். கோணலாக ஒட்டினால் கோணலாகவே இருக்கட்டும். செய்ததைப் படமெடுத்து, பிள்ளையின் வயதையும், அது எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பிள்ளையே சொன்ன வார்த்தைகளையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பரிசு கிடையாது, வந்து சேரும் ஒவ்வொரு படமும் அச்சாகும்.

அன்புடன்,
ஆசிரியர்